செட்டிங் மாறியது யாருக்குத் தெரியும்?

(கோயம்புத்தூரில் தொழிற்கூடப் பொறியாளர்களும் பாலிடெக்னிக் மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சற்றே திருத்தப்பட்டது.)



உற்பத்தி லைனுக்கு மேலே பொருத்தியிருக்கும் கேமராவை உங்களில் பலர் தினமும் பார்க்கிறீர்கள். முகப்பு 29 மில்லிமீட்டருக்கு 29 மில்லிமீட்டர். இன்று பரவலாகப் புழங்கும் அளவு அதுதான். அதில் திரை கிடையாது, அமுக்குவதற்குப் பொத்தானும் கிடையாது. உங்கள் கைப்பேசிக் கேமரா வெளிச்சத்தைத் தானே அளந்து, முகத்தைத் தானே தேடி, நிறத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். இந்தக் கேமராவுக்கு எல்லாவற்றையும் நாம்தான் சொல்லியாக வேண்டும். எத்தனை மைக்ரோ செகண்ட் ஒளியை வாங்க வேண்டும், வந்த சிக்னலை எவ்வளவு பெருக்க வேண்டும், சென்சாரின் எந்தப் பகுதியை மட்டும் படிக்க வேண்டும், எந்தக் கம்பியில் ட்ரிகர் வந்தால் படமெடுக்க வேண்டும்: ஒவ்வொன்றும் ஓர் எண், அல்லது ஒரு தேர்வு. அந்த எண்களுக்குப் பின்னால் அனுபவமுள்ள ஒருவரின் தீர்மானம் இருக்கிறது.

இப்படிப்பட்ட எண்களின் ஒரு தொகுதியைப் புத்தகத்தில் ப்ரீசெட் என்பார்கள். லைனில் நிற்பவர் ‘செட்டிங்’ என்பார். ஆபரேட்டர் திரையில் ‘ரெசிப்பி’ என்று எழுதியிருக்கும். ஒரு தொகுதியிலிருந்து இன்னொன்றுக்கு மாறப் பெரும்பாலும் ஒரு நொடிக்கு மேல் ஆவதில்லை. நான் இன்று பேச வந்தது அந்த ஒரு நொடியைப் பற்றி. அது மிகவும் சுலபமாகிவிட்டது. சுலபமானதால், மாறியது சரியாக மாறியதா என்று பார்க்கும் பழக்கம் நம்மிடம் வளரவில்லை. எனக்கு இதில் உண்மையான கவலை உண்டு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மருந்துப் புட்டிகளைப் பரிசோதிக்கும் லைன் ஒன்று. காலையில் நிறமற்ற கண்ணாடிப் புட்டி, மதியத்துக்கு மேல் பழுப்புப் புட்டி. பின்னால் பேக்லைட், முன்னால் கேமரா. புட்டிகள் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் போகின்றன. படத்தில் ஒரு பிக்சல் என்பது 0.1 மில்லிமீட்டர். நிறமற்ற புட்டிக்கு 80 மைக்ரோ செகண்ட் எக்ஸ்போஷர் போதும் என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் புட்டி 0.04 மில்லிமீட்டர் நகரும். ஒரு பிக்சலில் பாதிகூட இல்லை. படம் கூர்மையாக வரும்.

பழுப்புக் கண்ணாடி ஒளியை விழுங்கும். அதே அளவு வெளிச்சம் சென்சாருக்கு வர 600 மைக்ரோ செகண்ட் தேவைப்படுகிறது என்று கொள்வோம். எக்ஸ்போஷரை மட்டும் 600-க்கு ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் அந்த நேரத்தில் புட்டி 0.3 மில்லிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. மூன்று பிக்சலுக்குக் கலங்கிய படம். கழுத்தில் இருக்கும் மயிரிழை விரிசல் அந்தக் கலங்கலில் கரைந்துபோகும். சரி, எக்ஸ்போஷரை 150-இல் நிறுத்தி, கெயினை 12 டெசிபெல் ஏற்றுவோம். 12 டெசிபெல் என்றால் ஏறத்தாழ நான்கு மடங்கு. 150-ஐ நான்கால் பெருக்கினால் அதே 600. நகர்வு 0.075 மில்லிமீட்டர், ஒரு பிக்சலுக்குள் அடங்கிவிட்டது. ஆனால் கெயின் புதிதாக ஒளியைக் கொண்டுவராது, வந்ததைத்தான் பெருக்கும். சிக்னலில் கலந்த இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். கால் பங்கு ஒளிதான் வந்திருக்கிறது என்பதால் படத்தின் தெளிவு, ஒளியின் இயற்கையான ஏற்ற இறக்கக் கணக்குப்படி, பாதியாகிறது. புள்ளிபுள்ளியாகத் தெரியும் அந்தப் படத்தில், இல்லாத கறையை மென்பொருள் கண்டுபிடிக்கலாம். ஆகவே அதன் வரம்பையும் மாற்ற வேண்டும். இதையெல்லாம் யோசித்தவர், கெயினைத் தொடாமல் பேக்லைட்டின் மின்னோட்டத்தை ஏற்றி, கேமரா கண் திறக்கும் அந்த 150 மைக்ரோ செகண்டுக்கு மட்டும் நான்கு மடங்கு வெளிச்சத்தைப் பளிச்சிட வைப்பார். முடியுமானால் அதுவே மேல்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழுப்புப் புட்டிக்கான செட்டிங் என்பது ஒரே ஓர் எண் அல்ல. எக்ஸ்போஷர், கெயின், விளக்கின் பலம், ட்ரிகர் வந்தபின் காத்திருக்கும் நேரம், மென்பொருளின் வரம்பு எல்லாம் ஒன்றையொன்று பிடித்து நிற்கின்றன. ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை விட்டால் இரண்டும் கெட்டது. ப்ரீசெட் என்ற ஏற்பாடு பிறந்ததே இவற்றைப் பிரிக்காமல் சேர்த்து நகர்த்துவதற்காக.

முன்பு இது எப்படி நடந்தது? 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லர்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் சி.சி.டி.யைக் கண்டுபிடித்தார்கள், அதற்கு 2009-இல் நோபல் பரிசும் கிடைத்தது. அந்தச் சில்லை வைத்து வந்த அனலாக் கேமராக்கள் பலவற்றின் முதுகில் சின்னச் சின்ன ஸ்விட்ச்சுகள் வரிசையாக இருக்கும். ஷட்டர் வேகத்தை மாற்ற ஏணி போட்டு ஏறி, ஸ்க்ரூ டிரைவர் முனையால் அவற்றைத் தள்ள வேண்டும். சிரமம்தான். ஆனால் அந்தச் சிரமத்தில் ஒரு பாதுகாப்பு இருந்தது. ஏறியவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். இறங்கியதும் அவர் படத்தைப் பார்ப்பார், ஒரு புட்டியை ஓட்டிப் பார்ப்பார்.

பிறகு எண்கள் கேமராவின் ரெஜிஸ்டர்களுக்குள் போயின. தொடக்கத்தில் ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் தனி வழி. ஒருவர் ஷட்டர் என்றதை இன்னொருவர் வேறு பெயரில் வைத்திருப்பார். கேமராவை மாற்றினால் நிரலையே திருத்தி எழுத வேண்டும். 2006-இல் ஐரோப்பிய மெஷின் விஷன் சங்கம் ஜென்ஐகேம் என்ற பொதுத் தரத்தைக் கொண்டுவந்தது. சாதாரண நெட்வொர்க் கேபிளில் கேமராவை இணைக்கும் ஜிக்ஈ விஷன் தரமும் அதே ஆண்டில் வந்தது. ஜென்ஐகேமின்படி, தன்னிடம் என்னென்ன அமைப்புகள் உண்டு, ஒவ்வொன்றின் எல்லை என்ன என்ற பட்டியலைக் கேமராவே எக்ஸ்.எம்.எல். கோப்பாகத் தருகிறது. அதோடு பெயரிடும் மரபு ஒன்றும் சேர்ந்தது. எந்த நாட்டுக் கேமராவானாலும், அந்த மரபைப் பின்பற்றினால், எக்ஸ்போஷர் டைம் அதே பெயரில் இருக்கும். யூசர் செட் அதே பெயரில் இருக்கும்.

யூசர் செட்டுக்கு வருவோம். கேமராவுக்குள் இரண்டு வகை நினைவகம். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் எண்கள் ஒன்றில். மின்சாரம் போனால் அவையும் போய்விடும். இன்னொன்று ஃபிளாஷ், மின்சாரம் போனாலும் நிற்கும். ஓடும் எண்களை ஃபிளாஷில் ஓர் இடத்தில் பதித்து வைப்பது சேவ்; பதித்ததை எடுத்து ஓடவிடுவது லோட். ஆலையிலேயே பதித்து, நாம் அழிக்க முடியாதபடி கொடுத்திருப்பது டிஃபால்ட் செட். அதற்கு மேல் நமக்கென்று சில இடங்கள். பல கேமராக்களில் கைவிரலால் எண்ணிவிடலாம். ஃபிளாஷில் எழுதும் தடவைகளுக்கு ஆயுள் வரம்பு உண்டு என்பதால் பொருள் மாறும்போதெல்லாம் சேவ் செய்யக் கூடாது. சேவ் என்பது எப்போதாவது, யோசித்துச் செய்யும் வேலை. லோட்தான் அன்றாடம்.

சேவ், லோட் தவிர மூன்றாவதாக ஓர் அமைப்பு இருக்கிறது. அதை மறப்பவர்கள் அதிகம். மின்சாரம் வந்ததும் கேமரா எந்த செட்டோடு விழிக்க வேண்டும் என்பதை நாம் தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது ஆலை டிஃபால்ட்டோடு விழிக்கும். நம் ஊரில் மின்வெட்டைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு மின்சாரம் போய், ஜெனரேட்டர் ஏறி, லைன் திரும்ப ஓடுகிறது. கணினி யு.பி.எஸ்.ஸில் இருந்ததால் அணையவே இல்லை. திரையில் ‘பழுப்பு 100 மி.லி.’ என்று அப்படியே நிற்கிறது. கேமரா மட்டும் அணைந்து எழுந்திருக்கிறது, வேறு எண்களோடு. படம் வருகிறது, புட்டிகள் போகின்றன. ஆபரேட்டர் பார்ப்பது திரையில் உள்ள பெயரை, ஓடுவது வேறொன்று. இதில் அவர் செய்த பிழை எது? எதுவுமில்லை. ஆனால் மறுநாள் காலையில் முதலில் விசாரிக்கப்படுபவர் அவர்தான்.

ஜப்பானில் ஷிகியோ ஷிங்கோ என்ற பொறியாளர் இருந்தார். 1969-இல் டொயோட்டாவில் 1000 டன் பிரஸ் ஒன்றின் டையை மாற்ற நான்கு மணி நேரம் ஆகிக்கொண்டிருந்தது. அவர் அதை முதலில் ஒன்றரை மணி நேரமாகக் குறைத்தார். பிறகு மூன்று நிமிடத்துக்கே கொண்டுவந்தார். இயந்திரம் நின்றால்தான் செய்ய முடிகிற வேலை எது, ஓடும்போதே முடித்து வைக்கக்கூடிய வேலை எது என்று பிரித்ததுதான் அவருடைய வழி. கேமரா ப்ரீசெட்டில் அந்தப் பிரிவினை முழுமையாகவே நடந்துவிட்டது. யோசித்து, சோதித்து, எண்களைப் பதிக்கும் வேலை என்றைக்கோ முடிந்துவிடுகிறது. லைனில் மிஞ்சுவது ஒரு லோட் மட்டும்.

ஆனால் பிரஸ்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் ஒரு வேறுபாடு உண்டு. இந்த உரையில் நான் சொல்ல வந்ததே அதுதான். பிரஸ்ஸில் தவறான டையை ஏற்றினால் முதல் பீஸிலேயே கையில் தெரிந்துவிடும். வேறு வடிவம் வந்து விழும், அல்லது பயங்கரமாகச் சத்தம் கேட்கும். கேமராவில் தவறான செட் ஏறினால் எதுவும் விழாது, எதுவும் சத்தம் போடாது. படம் வந்துகொண்டேதான் இருக்கும். கொஞ்சம் இருட்டாக, அல்லது கொஞ்சம் வெளுப்பாக. அதிலும் ரிஜெக்ட் அதிகமாகிற பக்கம் தவறினால் தப்பித்தோம். நல்ல புட்டி குப்பைக்குப் போகிறதே என்று யாராவது ஓடிவருவார்கள். ரிஜெக்ட்டே வராத பக்கம் தவறினால்? வெளுத்துப்போன படத்தில் விரிசல் தெரியாது, அழுக்குத் தெரியாது. ஷிப்ட் முழுக்க எல்லாமே பாஸ். அன்றைய உற்பத்தி அறிக்கை வழக்கத்தைவிட நன்றாகவே இருக்கும். அந்தப் புட்டி ஒரு நோயாளியின் கைக்குப் போகிறது.

‘இத்தனை தொல்லை எதற்கு, ஆட்டோவில் விட்டுவிடலாமே’ என்று மாணவர்கள் கேட்பதுண்டு. கேமராவில் ஆட்டோ எக்ஸ்போஷர், ஆட்டோ கெயின் எல்லாம் இருக்கின்றன. வெட்டவெளியில், வெயிலும் மேகமும் மாறும் இடத்தில், அது வேண்டும். பரிசோதனை லைனில் வேண்டாம் என்பதே என் துணிபு. இங்கே வெளிச்சத்தின் அளவுதான் நாம் அளக்கும் பொருள். கலங்கலான திரவம் உள்ள புட்டி வந்து படம் இருண்டால், அந்த இருட்டுத்தான் நமக்குச் செய்தி. ஆட்டோ அதைப் பிழை என்று நினைத்து, எக்ஸ்போஷரை ஏற்றி, கெட்ட புட்டியை நல்ல புட்டியாகக் காட்டிவிடும். ஆட்டோவில் ‘ஒருமுறை மட்டும்’ என்று ஒரு தேர்வு உண்டு. மாதிரிப் புட்டியை வைத்து அதை ஒருமுறை இயக்கி, வந்த எண்ணைப் பார்த்து, ஆட்டோ அணைந்திருப்பதை உறுதிசெய்து, பிறகு சேவ் செய்வது நல்ல முறை. ஆட்டோ ஓடும்போதே சேவ் செய்தால் அந்த நிலையும் சேர்ந்தே பதிவாகிவிடும். பிறகு எப்போது அந்த செட்டை லோட் செய்தாலும், ஏறிய அடுத்த கணமே எண்கள் நழுவத் தொடங்கும். சேவ் செய்தது ஓர் எண், ஓடுவது வேறோர் எண் என்று குழம்பி நிற்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

இனி மாற்றம் நடக்கும் அந்த நொடிக்குள் போவோம். பல கேமராக்கள், படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது யூசர் செட்டை லோட் செய்ய விடாது. முதலில் படப்பிடிப்பை நிறுத்து என்னும். புதியவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். காரணம் நியாயமானது. செட் மாறும்போது படத்தின் அகல உயரமும் பிக்சல் வடிவமும் மாறலாம்; மாறினால் ஒவ்வொரு படத்தின் பைட் கணக்கும் மாறும். கணினி பழைய அளவுக்கு இடம் ஒதுக்கி வைத்துக் காத்திருக்கிறது. நடுவழியில் வேறு அளவில் படம் வந்தால் எங்கே வைப்பது? ஆகவே நிறுத்தி, மாற்றி, இடத்தை மறுபடி ஒதுக்கி, தொடங்க வேண்டும்.

புட்டி வகை நாற்பது இருக்கிறது, கேமராவில் அத்தனை இடம் இல்லை என்றால் எண்களைக் கணினிக் கோப்பில் வைத்து, ஒவ்வொன்றாகக் கேமராவுக்கு அனுப்புவார்கள். இங்கே வரிசை முக்கியம். 1920 பிக்சல் அகலமுள்ள சென்சார். இப்போது முழு அகலமும் படிக்கப்படுகிறது. புதிய செட்டில் 800-ஆம் பிக்சலிலிருந்து 640 பிக்சல் மட்டும் வேண்டும். தொடக்கப் புள்ளியை முதலில் 800 என்று எழுதினால் கேமரா மறுத்துவிடும், முழு அகலம் இருக்கும்போது நகர இடமில்லை என்பதால். முதலில் அகலத்தைக் குறைத்து, பிறகு தொடக்கப் புள்ளியை நகர்த்த வேண்டும். திரும்பிப் போகும்போது தலைகீழ் வரிசை. மறுப்பு வந்ததை நிரல் கண்டுகொள்ளாமல் அடுத்த எண்ணுக்குத் தாண்டிவிட்டால், பாதி பழையதும் பாதி புதியதுமாக ஒரு செட் ஓடும். அப்படி ஒரு செட்டை யாரும் யோசித்ததில்லை, யாரும் சோதித்ததுமில்லை.

ஆகவே, எழுதியதைத் திரும்பப் படி. இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். லைனை இயக்கும் பி.எல்.சி., புட்டியின் வகை எண்ணைக் கணினிக்கு அனுப்புகிறது. கணினி செட்டை ஏற்றுகிறது. ஏற்றியபின் எக்ஸ்போஷர், கெயின், அகலம், உயரம், ட்ரிகர் நிலை எல்லாவற்றையும் கேமராவிடமே கேட்டு வாங்கிக் கோப்போடு ஒப்பிடுகிறது. ஒத்துப்போனால் மட்டும் அதே வகை எண்ணை பி.எல்.சி.க்குத் திருப்பி அனுப்புகிறது. அது வந்து சேரும்வரை பி.எல்.சி. கன்வேயரை ஓட்டாது. இதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியோ இரண்டு நொடியோ. கேமராவின் இணைப்பு அறுந்து மீண்டும் ஒட்டினாலும் இதே சடங்கு முதலிலிருந்து நடக்க வேண்டும். அப்படிச் செய்திருந்தால் நான் சொன்ன அந்த ராத்திரி இரண்டு மணிக்கு லைன் தானாகவே நின்றிருக்கும்.

அதோடும் முடியவில்லை. எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் படம் தவறலாம். லென்ஸின் அபெர்ச்சரும் ஃபோகஸும் பொதுவாக எந்த யூசர் செட்டுக்குள்ளும் இல்லை. பெரும்பாலான லைன்களில் அவை கையால் திருகி, ஸ்க்ரூ போட்டு இறுக்கியவை. துடைக்கிறேன் என்று ஒருவர் கை வைத்து வளையம் கொஞ்சம் திரும்பினாலும், உள்ளே இருக்கும் எந்த எண்ணும் அதை அறியாது. விளக்கும் அப்படித்தான். எல்.இ.டி.யின் ஆயுளை, ஒளி 70 சதவீதத்துக்கு இறங்கும்வரை என்ற கணக்கில் அளப்பது வழக்கம். சேவ் செய்த நாளில் படத்தில் பின்னணியின் வெளிச்சம் 160 என்ற அளவில் வந்தது என்றால், விளக்கு 70 சதவீதத்துக்கு வந்த நாளில் அதே செட்டில் 112-தான் வரும். அதனால்தான் மாஸ்டர் பீஸ். நல்ல புட்டி ஒன்று, தெரிந்தே குறை வைத்த புட்டிகள் சில. ஒவ்வொரு வகை மாற்றத்துக்குப் பிறகும், ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும் அவற்றை ஓட்டிப் பாருங்கள். குறைப்புட்டி ரிஜெக்ட் ஆகாவிட்டால் லைன் ஓடக் கூடாது. ஏணியில் ஏறி இறங்கியவர் முன்பு தானாகச் செய்த காரியம் இது. இப்போது விதியாக எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

யார் மாற்றலாம் என்ற கேள்வியும் இருக்கிறது. செட்டைத் தேர்ந்தெடுப்பது வேறு, செட்டின் உள்ளே இருக்கும் எண்ணைத் திருத்துவது வேறு. தேர்ந்தெடுக்க ஆபரேட்டருக்கு முழு உரிமை வேண்டும். திரையில் ‘செட் 3’ என்று எழுதாமல் புட்டியின் பெயரை, அவர் படிக்கும் மொழியில், படத்தோடு போடுங்கள். திருத்தும் உரிமைக்குத் தனிக் கடவுச்சொல் இருக்கட்டும். யார், எப்போது, எந்த எண்ணை எதிலிருந்து எதற்கு மாற்றினார் என்பது பதிவாகட்டும். அமெரிக்காவுக்கு மருந்து அனுப்புகிறவர்களுக்கு இது விருப்பம் சார்ந்த விஷயமே அல்ல. அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 1997-இல் வெளியிட்ட 21 சி.எஃப்.ஆர். பகுதி 11 என்ற விதி, மின்னணுப் பதிவுகளில் செய்யும் மாற்றங்களுக்கு நேரத்தோடு கூடிய தடயம் தானாகவே பதிவாக வேண்டும் என்கிறது. சிலர் இதைக் காகிதச் சுமையாகப் பார்க்கிறார்கள். நான் அதை ஆபரேட்டருக்கான கவசமாகப் பார்க்கிறேன். அந்தப் பதிவு இருந்தால், செய்யாத மாற்றத்துக்கு அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இதுவரை சொன்னது, மணிக்கணக்கில் ஒருமுறை நடக்கும் மாற்றம். படத்துக்குப் படம் மாற வேண்டிய வேலைகளும் உண்டு. மேடை நாடகத்தில் திரையை இறக்கிக் காட்சியை மாற்றுவதும் உண்டு, நடிகர் பேசிக்கொண்டிருக்கும்போதே விளக்கை மட்டும் மாற்றுவதும் உண்டு. யூசர் செட் முதல் வகை. சீக்வென்சர் இரண்டாவது வகை.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு நம் நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது. 2019 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் புதிய வண்டிகளுக்கு உயர் பாதுகாப்புப் பதிவெண் பலகை கட்டாயம். அந்தப் பலகையின் பரப்பு, விழும் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். இரவில் கேமராவுக்குப் பக்கத்தில் அகச்சிவப்பு விளக்கைப் பளிச்சிட்டால் பலகை கண்ணைப் பறிக்கும். வண்டியின் உடலோ இருட்டில் கிடக்கும். ஒரே எக்ஸ்போஷரில் இரண்டையும் பிடிக்க முடியாது. பலகைக்கு 100 மைக்ரோ செகண்ட், வண்டிக்கு 2000 மைக்ரோ செகண்ட் என்று வைப்போம். மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும் கார் நொடிக்கு சுமார் 28 மீட்டர் கடக்கிறது. முதல் படத்தில் அது 2.8 மில்லிமீட்டர் நகரும். கார் பலகையின் எழுத்து 65 மில்லிமீட்டர் உயரம், கோட்டின் தடிமன் 10 மில்லிமீட்டர். படிக்கலாம். இரண்டாவது படத்தில் 56 மில்லிமீட்டர் நகர்கிறது. எழுத்து முழுவதும் கலைந்துவிடும், ஆனால் வண்டி என்ன வகை, என்ன உருவம் என்று தெரியும். இரண்டையும் அடுத்தடுத்த ஃபிரேம்களில் எடுத்துச் சேர்த்து வைத்தால் வேலை முடிகிறது.

அடுத்தடுத்த ஃபிரேம் என்றால் நொடிக்கு 50 படம் எடுக்கும் கேமராவில் 20 மில்லி செகண்ட் இடைவெளி. அதற்குள் கணினி ஒவ்வொரு முறையும் கட்டளை அனுப்பி எக்ஸ்போஷரை மாற்றுவதை நம்ப முடியாது. ஜிக்ஈ விஷனில் கட்டளைகள் யு.டி.பி. வழியாகப் போகின்றன. ஒரு பாக்கெட் தாமதித்தாலோ தொலைந்து மறுபடி அனுப்பப்பட்டாலோ, மாற்றம் எந்தப் படத்தில் விழும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சீக்வென்சரில் கேமராவே அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது. செட் 0, செட் 1 என்று முன்கூட்டியே நிரப்பி வைக்கிறோம். ஒவ்வொரு செட்டிலும் எக்ஸ்போஷர் இவ்வளவு, கெயின் இவ்வளவு என்பதோடு, என்ன நடந்தால் எந்த செட்டுக்குப் போக வேண்டும் என்ற வழியையும் எழுதுகிறோம். ஃபிரேம் தொடங்கியதும் மாறு எனலாம். எக்ஸ்போஷர் முடிந்ததும் மாறு எனலாம். வெளியிலிருந்து ஒரு கம்பியில் சிக்னல் வந்தால் மாறு என்றும் சொல்லலாம். கேமராவுக்குக் கேமரா சீக்வென்சரின் திறன் வேறுபடும். சிலவற்றில் மின்சாரம் போனால் நிரப்பி வைத்த செட்டுகளும் போய்விடும், ஒவ்வொரு முறையும் கணினி மறுபடி நிரப்ப வேண்டும். வாங்குவதற்கு முன்பே கையேட்டில் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

சீக்வென்சரில் பிசகு நுழையும் வழி வேறு. ஒரு ஃபிரேம் வழியில் தொலைந்தால் கணினியின் எண்ணிக்கை ஒன்று பிசகும். அதற்குப் பிறகு குறுகிய எக்ஸ்போஷர் படத்தை நீண்டது என்றும், நீண்டதைக் குறுகியது என்றும் நினைத்துக்கொண்டே போகும். இதற்கு மருந்து கேமராவிலேயே இருக்கிறது. சங்க் டேட்டா என்று சொல்வார்கள். அதை இயக்கினால், ஒவ்வொரு படத்தின் வாலிலும் அந்தப் படம் எடுக்கப்பட்டபோது இருந்த எக்ஸ்போஷர், கெயின், ஃபிரேம் எண், நேரம் ஆகியவற்றைக் கேமராவே எழுதி அனுப்பும். சீக்வென்சரின் எந்த செட் ஓடியது என்பதையும் பல கேமராக்கள் சேர்த்துத் தருகின்றன. எண்ணிக்கையை நம்ப வேண்டியதில்லை, படத்தையே கேட்டுக்கொள்ளலாம். படத்தோடு ஒப்பிட்டால் சில பைட்டுகள்தான். அதை அணைத்து வைத்திருப்பதற்கு எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. ஒரு வண்டிக்காரருக்கு அபராதம் போடுவதற்கு அந்தப் படமே ஆதாரம் என்றால், அது எந்த அமைப்பில் எடுக்கப்பட்டது என்று படமே சொல்ல வேண்டாமா? மருந்துப் புட்டிக்கும் அதே நியாயம்தான்.

கேமரா பழுதாகும் நாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரவில் கேமரா செத்துவிட்டது. ஸ்டோரிலிருந்து புதியதை எடுத்து மாட்டுகிறீர்கள். அதே மாடல்தான், ஆனால் அதன் யூசர் செட்டுகள் காலி. பழையதன் ஃபிளாஷில் இருந்த அத்தனை மாதத்து உழைப்பும் அதனோடு போய்விட்டது. இதற்காகத்தான், கேமராவில் சேவ் செய்யும் ஒவ்வொரு முறையும் அதே எண்களைக் கணினிக் கோப்பாகவும் எடுத்து வைக்க வேண்டும். பெரும்பாலான கேமரா மென்பொருள்களில் அந்த வசதி உண்டு. கோப்பின் பெயரில் கேமரா மாடல், ஃபர்ம்வேர் பதிப்பு, புட்டி வகை, தேதி நான்கும் இருக்கட்டும். ஃபர்ம்வேர் மாறினால் அமைப்புகளின் பெயரும் எல்லையும் மாறக்கூடும் என்பதால் அதை விட்டுவிடாதீர்கள். கோப்பை லைன் கணினியில் மட்டும் வைக்காமல் இன்னோர் இடத்திலும் வையுங்கள். லென்ஸ் எந்த அபெர்ச்சரில் இருந்தது, விளக்குக்கு எவ்வளவு மின்னோட்டம், கேமராவுக்கும் புட்டிக்கும் எவ்வளவு தூரம் என்பதை ஒரு தாளில் எழுதி, அந்த லைனின் பேனல் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிவையுங்கள்.

பக்கத்து அறையில் ஒரு கேமராவும் பேக்லைட்டும் இரண்டு வகைப் புட்டிகளும் வைத்திருக்கிறோம். சீக்வென்சரில் இரண்டு செட் ஓடுகிறது, சங்க் டேட்டா திரையில் தெரியும். கேபிளைப் பிடுங்கிவிட்டு மறுபடி செருகிப் பாருங்கள். எந்த எண்களோடு எழுந்திருக்கிறது என்று நீங்களே படித்துச் சொல்லுங்கள். மாணவர்கள் முதலில் போகட்டும். கேள்விகளை அங்கேயே பேசிக்கொள்வோம்.